கருங்கற் பலகைத் தொழில்: பாறையிலிருந்து விற்பனைக்கு

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடக மாநிலத்தின் எல்லையூராக அமைந்திருப்பது அத்திபெலே. இவ்வூரின் வழியே செல்லும் கனரக லாரிகளுள் சிலவற்றில் ஒன்றிரண்டு கற்பாளங்கள் மட்டுமே ஏற்றப்பட்டிருப்பதைக் காணலாம். லாரியின் பெரும்பகுதி வெறுமையாக இருப்பது போலத் தோன்றினும், அது தன் முழுச் சுமையையும் தாங்கியே செல்கிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன் எடையுள்ளது. மூன்று மீட்டர் நீளமும், 1.8 மீட்டர் அகலமும், 1.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரே பாளம் சுமார் 22 டன் எடையிருக்கும்.

இத்தகைய பாளங்களை மெல்லிய பலகைகளாக அறுத்து மெருகேற்றும் தொழிற்கூடங்கள் ஆனேக்கல் தாலுகாவிலேயே, அத்திபெலேக்கு மேற்கேயுள்ள ஜிகணியில் நிறைந்துள்ளன. ராமநகரம், சாமராஜநகர் முதலிய கர்நாடகப் பகுதிகளிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்தும் கற்கள் இங்கு வருகின்றன. அறுத்த பலகைகள் உள்நாட்டுக் கட்டிடங்களுக்கும், சென்னைத் துறைமுகத்தின் வழியே வெளிநாடுகளுக்கும் செல்கின்றன.

உடைந்த கருங்கல்லுக்கு ஜல்லியின் விலையே கிடைக்கும். அதே கல்லைப் பிளவோ கீறலோ இன்றிப் பாளமாக எடுத்தால் அதன் விலை பன்மடங்காகிறது. மலையினின்று கல்லைப் பிரித்தாகவும் வேண்டும். பிரிக்கும் வேலையில் அது உள்ளே சிதையாமலும் இருக்க வேண்டும். இத்தொழிலின் கருவிகளும் முறைகளும் யாவும் இந்தச் சங்கடத்தைச் சுற்றியே வளர்ந்தவை எனலாம்.

கல்லின் இயல்பு

பெங்களூரைச் சுற்றியுள்ள அடிப்பாறை மிகத் தொன்மையானது. லால்பாக் தோட்டத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. அது தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையில் பணியாற்றிய ஸ்மீத் என்பவர் 1916-ஆம் ஆண்டில் இவ்வகைப் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்று பெயரிட்டார். இதனை ஊடுருவிக்கொண்டு, சுமார் 250 கோடி ஆண்டுகட்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மேலெழுந்து உறைந்தது. அவ்வாறு உறைந்த பாறை, தெற்கு வடக்காக நீண்ட ஒரு பட்டையாக ராமநகரத்தின் வழியே செல்கிறது. ராமநகரத்திற்கு முன்பு வழங்கிய குளோஸ்பேட்டை என்ற பெயரையே புவியியலார் அப்பாறைக்கு இட்டுள்ளனர்.

கருங்கல் என்ற சொல்லைப் புவியியலாரும் வியாபாரிகளும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. படிகக்கல்லும் பெல்ஸ்பாரும் மிகுதியாகவும், அப்பிரகம் சிறிதளவும் கலந்து, பூமியின் ஆழத்தில் மெதுவாக உறைந்த பாறையையே புவியியலார் கிரானைட் என்பர். வியாபாரத்திலோ, கடினமானதாகவும் மெருகேறக்கூடியதாகவும் உள்ள எந்தச் சிலிகேட் பாறையும் கிரானைட்தான். சாமராஜநகரிலிருந்து வரும் கருநிறக் கல் வியாபாரத்தில் கறுப்புக் கிரானைட் எனப் பெயர் பெற்றிருப்பினும், உண்மையில் அது டாலரைட் என்னும் வேறு பாறை. அதில் படிகக்கல் அருமையாகவே காணப்படும். கிருஷ்ணகிரிப் பகுதியில் கிடைத்து ‘பாரடைஸோ’ என்ற பெயரில் விற்கப்படும், ஊதாவும் சாம்பலும் அலையலையாகக் கலந்த கல்லும் நைஸ் இனத்தையே சார்ந்தது.

நெருப்பால் பெயர்த்த பலகை

யந்திரங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பெங்களூர் வட்டாரத்துக் கல்வேலைக்காரர் பெரும் பலகைகளைப் பாறையினின்று முழுதாகப் பெயர்த்தெடுத்தனர். அவர்கள் கையாண்டது நெருப்பு. வார்த் என்னும் அறிஞர் இம்முறையை நேரில் கண்டு, 1895-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான இதழில் விவரித்தார். அவ்விவரம் இன்றும் படிக்கத்தக்கது.

பல நூறு அடிக்கு வெடிப்பின்றிப் பரந்து கிடக்கும் பாறையின் மேல், சுமார் ஏழு அடி நீளத்திற்கு உலர்ந்த இலேசான விறகுகளை வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவர். நெருப்புக்கு முன்னுள்ள பாறையை அவ்வப்போது சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். அடியிலுள்ள பாறையினின்று மேற்பகுதி விடுபட்டதும் ஓசை மாறுகிறது. உடனே எரியும் விறகைச் சில அங்குலம் முன்னே தள்ளி, மீண்டும் ஓசை மாறும்வரை காத்திருப்பர். இவ்வாறு தீயின் வரிசை வில்போல் வளைந்து, முடிவில் 25 அடி நீளம்வரை விரிந்து முன்னேறும். வார்த் கண்ட ஒரு வேலை எட்டு மணி நேரம் நடந்தது. தீ மணிக்கு ஏறக்குறைய ஆறு அடி நகர்ந்தது. நெருப்பு கடந்த இடம் 460 சதுர அடியே. ஆயினும் பிளவு இருபுறமும் சுமார் மூன்று அடி தள்ளியும் பரவியதால், 740 சதுர அடிப் பலகை ஒன்று விடுபட்டது. அதன் சராசரிக் கனம் ஐந்து அங்குலம். செலவான விறகு சுமார் 15 ஹந்தர். அதாவது, ஒரு ராத்தல் விறகுக்கு 30 ராத்தல் கல்.

இதன் காரணம் எளிதில் விளங்கும். நெருப்பின் கீழுள்ள மேற்பரப்பு உஷ்ணத்தால் விரிவடைய முயல்கிறது. கல் உஷ்ணத்தை மெதுவாகவே கடத்துவதால் அடிப்பகுதி குளிர்ந்தே இருந்து, அவ்விரிவைத் தடுக்கிறது. இவ்விழுபறியில் இரண்டிற்கும் இடையே, மேற்பரப்புக்கு இணையான ஒரு பிளவு உண்டாகிறது. எத்தனை ஆழத்தில் பிளவு செல்லும் என்பதை நெருப்பின் அளவாலும் அதை நகர்த்தும் வேகத்தாலும் கட்டுப்படுத்திய அத்தொழிலாளர்கள், உஷ்ணமானி எதையும் கண்டவர்கள் அல்லர். அவர்களுடைய கருவி செவியே.

ஆப்பின் தத்துவம்

நல்ல கருங்கல்லை நசுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,500 முதல் 2,000 கிலோகிராம் வரையிலான அழுத்தம் வேண்டும். அதே கல்லை இழுத்துப் பிளப்பதற்கு அதில் சுமார் இருபதில் ஒரு பங்கே போதும். கல் அழுத்தத்தை வெகுவாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பழைய கல்தச்சரின் ஆப்பு முதல் இன்றைய ரசாயனப் பொடி வரை அனைத்தும் இவ்வொரு பலவீனத்தையே பயன்படுத்துகின்றன.

குவாரியில் பிளக்க வேண்டிய கோட்டின் நெடுக, காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவியைக் கொண்டு 32 முதல் 34 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளைகளை நெருக்கமாக இடுகின்றனர். ஒவ்வொரு துளையிலும் இரண்டு எஃகுத் தகடுகளை வைத்து, அவற்றின் நடுவே ஆப்பைச் செருகுவர். பின்பு சம்மட்டியால் எல்லா ஆப்புகளையும் வரிசையாக, ஒவ்வொன்றாக, மீண்டும் மீண்டும் அடிப்பர். ஒரே ஆப்பை ஓங்கி அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வது கூடாது. அப்படிச் செய்தால் பிளவு கோட்டை விட்டு விலகி ஓடிவிடும். விசை சமமாகப் பரவினால் துளையினின்று துளைக்குப் பிளவு தானே செல்லும்.

ஆப்புக்குப் பதிலாகச் சுட்ட சுண்ணாம்பை முக்கியச் சரக்காகக் கொண்ட ஒரு பொடியை நீரில் குழைத்துத் துளைகளில் ஊற்றும் முறையும் வழக்கத்திலுள்ளது. கால்ஸியம் ஆக்ஸைடு நீருடன் கூடிக் கால்ஸியம் ஹைட்ராக்ஸைடு ஆகும்போது அதன் பருமன் கூடுகிறது. அடைபட்ட துளைக்குள் அவ்விரிவு பெரும் அழுத்தமாகிப் பாறையைப் பிளக்கிறது. இதற்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள்வரை ஆகலாம். ஓசையில்லை, அதிர்ச்சியில்லை, கல்லுக்குச் சேதமும் இல்லை. ஆனால் செலவு கூடுதல்.

வெடிமருந்தைப் பற்றிய எச்சரிக்கை இங்கு அவசியம். ஜல்லிக் குவாரியில் பயன்படும் வீரியமுள்ள வெடிகள் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களைப் பாறையின் உள்ளே வெகுதூரம் பரப்பிவிடும். அக்கீறல்கள் பலகையை அறுத்து மெருகேற்றிய பின்பே வெளிப்படும். அதற்குள் அக்கல்லின் மேல் செய்யப்பட்ட செலவு அனைத்தும் வீண். எனவே பாளக் குவாரிகளில் மெதுவாக எரிந்து பாறையைத் தள்ளிவிடும் கருமருந்தையே சிறிய அளவில் உபயோகிக்கின்றனர்.

வைர இழை

1970-களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டின் சலவைக்கல் குவாரிகளில் வழக்கத்திற்கு வந்து, பின்பு கருங்கல்லுக்கும் ஏற்றதாகத் திருத்தப்பட்ட வைர இழை அறுவை இத்தொழிலையே மாற்றியது. எஃகுக் கம்பி வடத்தில் சிறு மணிகள் கோக்கப்பட்டிருக்கும். உலோகத்தூளுடன் செயற்கை வைரத்துகள்களைக் கலந்து சூட்டில் இறுக்கிச் செய்த மணிகள் அவை. கருங்கல் அறுக்கும் வடத்தில் மீட்டருக்குச் சுமார் 40 மணிகள் இருக்கும். பாறையில் மேலிருந்து செங்குத்தாக ஒரு துளையும், பக்கத்திலிருந்து கிடையாக ஒரு துளையும் இட்டு, அவ்விரண்டும் உள்ளே ஒரு புள்ளியில் சந்திக்குமாறு செய்கின்றனர். அதன் வழியே வடத்தை நுழைத்து வளையமாக இணைத்து, நொடிக்குச் சுமார் 20 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடச் செய்தால், தயிரை நூலால் அறுப்பது போல வடம் பாறையை அறுத்துக்கொண்டு வருகிறது. வடத்தைக் குளிர்விக்கவும் தூளைக் கழுவவும் நீர் இடைவிடாது பாய வேண்டும். வடம் அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டுகளைப் போலத் தெறிக்கும். ஆகையால் அது ஓடும் தளத்தின் நேரே எவரும் நிற்கலாகாது.

பிரித்த பெரும் பாறைத்துண்டை மண்ணும் சிறுகற்களும் பரப்பிய மெத்தை மேல் சாய்த்து, மறுபடியும் விற்பனைக்கேற்ற பாளங்களாகப் பிளக்கின்றனர். பாளத்தின் மேல் நீரைத் தெளித்துக் காயவிடுவது பழகிய மேஸ்திரியின் பரீட்சை. பரப்பு உலர்ந்த பின்னும் எங்கேனும் ஈரமான மெல்லிய கோடு தங்கினால், அங்கே கீறல் உள்ளது என்பது நிச்சயம். சுத்தியலால் தட்டும்போது மணிபோல் ஒலிப்பது நல்ல பாளம். மந்தமாக ஒலிப்பது தள்ளுபடி. இத்தனையும் கடந்து தேறுவது எவ்வளவு? பல குவாரிகளில் வெட்டியெடுத்த பாறையில் மூன்றிலொரு பங்குகூடப் பாளமாகத் தேறுவதில்லை. எஞ்சியது குவாரியின் அருகே குன்றாகக் குவிகிறது. இக்குவியல்களை வேலிக்கல்லாகவும், ஜல்லியாகவும், ஆற்றுமணலுக்கு மாற்றான செயற்கை மணலாகவும் ஆக்குவது அண்மைக்காலத்தில் பெருகி வருகிறது. குவியும் அளவுக்கு அது ஈடாகவில்லை.

தூசி

துளைக்கருவியின் வாயிலிருந்து எழும் வெண்மையான தூசியே இத்தொழிலின் பெரும் அபாயம். கருங்கல்லில் ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை படிகக்கல், அதாவது படிகவடிவச் சிலிகா, இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் நுண்ணிய துகள்களோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை நுரையீரலின் கடைசி அறைகள்வரை செல்கின்றன. அங்கே அவற்றை விழுங்கி அழிக்க முயலும் உயிரணுக்கள் தாமே மடிகின்றன. அவ்விடங்களில் தழும்பு வளர்ந்து, சுவாசப்பை நாளடைவில் இறுகிவிடுகிறது. சிலிக்கோஸிஸ் எனப்படும் இந்நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்டு விலகிய பின்னரும் நோய் முற்றிக்கொண்டே போகக்கூடும். க்ஷயரோகம் எளிதில் தொற்றவும் இது வழிசெய்கிறது. சுவாசிக்கப்படும் படிகச் சிலிகா மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-ஆம் ஆண்டில் அறிவித்தது.

தடுக்கும் வழி கடினமானதன்று. துளைக்கருவியின் கம்பி நடுவே நீர் பாய்ந்து துளையின் அடியிலேயே தூசியைச் சேறாக்கிவிடும் அமைப்பு நெடுங்காலமாக உள்ளது. நீர் கிடைக்காத இடங்களில் தூசியை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் சாதனத்தைப் பொருத்தலாம். ஆயினும் கோடையில் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் குவாரிகளில் உலர்துளையிடுதல் தொடர்கிறது. தொழிலாளி முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டு பெரிய துகள்களை மட்டுமே தடுக்கும். ஆபத்தான துகள் அதனூடே தடையின்றிச் செல்லும். துண்டைக் கட்டியதாலேயே தான் காப்பாற்றப்பட்டதாக அவன் நம்பிவிடுவது இன்னும் வருந்தத்தக்கது. இருமலும் மூச்சிரைப்பும் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், அவ்வப்போது மார்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பதே நோயை முன்கூட்டி அறியும் வழி. ஊர் ஊராகக் குவாரி மாறிச் செல்லும் தினக்கூலிக்காரருக்கு இப்பரிசோதனை கிட்டுவது அரிதாகவே உள்ளது.

அறுத்தலும் மெருகும்

தொழிற்கூடத்தில் பாளத்தைப் பலகையாக அறுக்கப் பழைய முறை பன்வாள் யந்திரம். பல்லில்லாத எஃகுத் தகடுகள் பல, ஒரு சட்டத்தில் இணையாகப் பொருத்தப்பட்டு, ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். அறுப்பது தகடு அன்று. எஃகு மணல், சுண்ணாம்பு, நீர் இவற்றின் குழம்பு மேலிருந்து ஓயாது பொழிய, தகட்டின் அடியில் உருளும் எஃகுத் துகள்களே கல்லைத் தேய்க்கின்றன. குழம்பு எஃகைத் தாங்கும் அளவு கெட்டியாக இருக்கவும், எஃகு துருப்பிடித்துப் பலகையில் பழுப்புக் கறை ஏற்றாதிருக்கவும் சுண்ணாம்பு உதவுகிறது. தகடுகள் மணிக்கு இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் ஆழமே இறங்குவதால், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பாளம் முழுதும் அறுபட ஏறத்தாழ இரண்டு நாட்கள் இரவுபகலாக யந்திரம் ஓட வேண்டும். இன்று பல வைர இழைகள் ஒரே சமயத்தில் ஓடும் யந்திரங்கள் இவ்வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. சிறிய பாளங்களை வைரப் பற்கள் பதித்த பெரிய வட்டவாள்கள் அறுக்கின்றன.

அறுவையின் கணக்கைச் சற்று நோக்குவது நலம். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பலகை ஒவ்வொன்றிற்கும் வாளின் பாதை மேலும் சுமார் 7 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது. ஆகவே, ஒரு கன மீட்டர் கல்லில் 50 சதுர மீட்டர் பலகை கிடைக்க வேண்டியதற்குப் பதில் 37 சதுர மீட்டரே கிடைக்கும்; ஓரங்களைச் சீர்செய்த பின் அதுவும் குறையும். கால்பங்குக் கல் சேறாகி ஓடிவிடுகிறது என்பது இதன் பொருள். இச்சேற்றைத் தொட்டிகளில் படியவிட்டு நீரைத் திரும்பப் பயன்படுத்தலாம். அவ்வாறின்றிச் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் கொட்டினால், காய்ந்தபின் அதுவும் காற்றில் எழும் சிலிகாத் தூசியே.

மெருகு என்பது மேற்பூச்சு அன்று. ஒவ்வொரு கட்டத்திலும் முந்திய கட்டத்தின் கீறலைவிட நுண்ணிய கீறலை உண்டாக்கிக்கொண்டே செல்வதுதான் மெருகேற்றம். வைரத்துகளும் சிலிக்கன் கார்பைடும் கொண்ட தேய்ப்புக் கட்டிகளை முரடு முதல் நுண்மை வரை பல படிகளாக, நீருடன் உபயோகிக்கின்றனர். கீறல்கள் ஒளி அலையின் அளவுக்குக் குறுகியதும் பரப்பு கண்ணாடியாகிறது. ஒரு படியைத் தாண்டிச் சென்றால் பின்வரும் எந்தப் படியாலும் அக்குறையை நீக்க முடியாது. வழுக்கும் பரப்பு வேண்டாத படிக்கட்டு முதலிய இடங்களுக்குப் பலகையின்மேல் தீச்சுவாலையை ஓட்டிச் சொரசொரப்பாக்குகின்றனர். 573 டிகிரி சென்டிகிரேடில் படிகக்கல் தன் படிக அமைப்பை மாற்றித் திடீரென்று விரிவதால் மேற்பரப்பு சிறு செதில்களாகத் தெறிக்கிறது. வார்த் கண்ட நெருப்பின் அருகே தெறித்த சில்லுகளை இது நினைவூட்டும்.

நுண்ணிய கீறல்களுள்ள பலகைகளை உலர்த்தி எபாக்ஸிப் பிசினை உறிஞ்சச் செய்வதும், பின்புறத்தில் கண்ணாடியிழை வலை ஒட்டுவதும் இன்று பொதுவான வழக்கம். இது குற்றமன்று, வாங்குவோரிடம் சொல்லாமல் விடுவதே குற்றம். பிசினேற்றிய பலகை வெயிலில் நாளடைவில் மஞ்சள் பாரிக்கக்கூடும்.

விற்பனை

சட்டப்படி கருங்கல் சிறுகனிமங்களைச் சார்ந்தது. 1957-ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டம் இவற்றிற்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. கருங்கல்லை வீணாக்காது எடுப்பதற்கென மத்திய அரசு 1999-ஆம் ஆண்டில் தனி விதிகளை இயற்றியது. தமிழ்நாட்டில் 1977-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு கனிம நிறுவனம் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள அரசு ஸ்தாபனம்.

சுங்கத் துறையின் அட்டவணையில் பாளமும் மெருகேற்றிய பலகையும் வெவ்வேறு இனங்கள்: முரடாகச் செதுக்கிய கல் 2516-ஆம் தலைப்பிலும், வேலைப்பாடு செய்த கல் 6802-ஆம் தலைப்பிலும் வருகின்றன. பாளமாக ஏற்றுமதி செய்தால் அறுவைக் கூலியும் மெருகுக் கூலியும் அயல்நாட்டாருக்குச் சேரும். பலகையாக அனுப்பினால் அக்கூலி ஜிகணி, ஓசூர் போன்ற ஊர்களிலேயே தங்கும்.

பாளத்தைக் கன மீட்டரிலும் பலகையைச் சதுர அளவிலும் விலை பேசுகின்றனர். பெரிய பன்வாள் யந்திரத்திற்கு ஏற்ற அளவுள்ள பாளத்திற்கே முதல் விலை. ஒரு பாளத்தின் பலகைகளுக்கு அறுத்த வரிசையிலேயே எண்ணிட்டு, மெருகிட்ட முகங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு நிறுத்திக் கட்டுகின்றனர். அப்போதுதான் தளத்தில் பதிக்கும்போது ரேகைகள் ஒன்றோடொன்று இசையும். அமெரிக்கத் தர விதியொன்று, கட்டிடக் கருங்கல் தன் எடையில் 0.40 சதவீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சலாகாது என்றும், கன மீட்டருக்கு 2,560 கிலோகிராமுக்குக் குறையாத அடர்த்தி வேண்டும் என்றும் வரையறுக்கிறது. நீர் உறிஞ்சுதலை அளப்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்திலும் 1124 என்ற எண்ணுள்ள முறை உண்டு. அதிகம் உறிஞ்சும் கல் சமையலறை மேடையில் எண்ணெய்க் கறையையும் உறிஞ்சும்.

கறுப்புக் கல்லுக்கு விலை மிகுதி. அதனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பென விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியை அஸிடோனில் நனைத்துப் பலகையின் ஓர் ஓரத்தை அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம். நகப்பூச்சை அகற்றக் கடைகளில் விற்கும் திரவம் அஸிடோன் கொண்டதாயின் அதுவும் போதும். இயற்கைக் கறுப்பு துணியில் பற்றாது. துணி கறுத்தால் அக்கல்லில் சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது.